பணம் கட்டி மேடை ஏறுபவர்கள்

டோக்கியோவின் கோயன்ஜி, ஷிமோகிதாசாவா பகுதிகளில் பல கட்டடங்களின் நிலவறைக்கு இறங்கும் குறுகிய படிக்கட்டின் அடியில் 'லைவ் ஹவுஸ்' எனப்படும் சிறு இசைக்கூடம் ஒன்று இருக்கும். நூறு பேர் நின்றாலே மூச்சு முட்டும் இடம். வாசலில் பணம் வாங்குபவர் வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பார்: இன்று எந்தக் குழுவைப் பார்க்க வந்தீர்கள்? ஜப்பானில் புதிதாகக் குடியேறிய வெளிநாட்டவர் இதை உபசார விசாரிப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார். உண்மையில் அது கணக்கெழுதும் கேள்வி. நீங்கள் சொல்லும் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். இரவு முடிந்ததும் எந்தக் குழு எத்தனை பேரை அழைத்து வந்தது என்று அந்தக் கோடுகளை எண்ணிப் பார்ப்பார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு 'நொருமா' என்று பெயர். மேடை ஏறும் குழு இத்தனை நுழைவுச்சீட்டுகளை விற்றாக வேண்டும். விற்காத சீட்டுக்குத் தன் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும். ஒரு சீட்டு 2,000 யென், குழுவுக்கு 15 சீட்டு என்று வைத்துக்கொண்டால், ஒருவர்கூட வராவிட்டால் 30,000 யென் கைநட்டம். கணக்கைத் தாண்டி ஆள் வந்தால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு குழுவுக்குத் திரும்பும். பகலெல்லாம் அலுவலகத்திலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் இவர்கள். அரை மணி நேர வாசிப்புக்காக அவர்களே பணம் கொடுக்கிறார்கள்.

உள்ளே நடப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நான்கைந்து குழுக்கள் ஒரே இரவில் வாசிக்கும். மாலையில் ஒத்திகை தலைகீழ் வரிசையில் நடக்கும். கடைசியாக வாசிக்க வேண்டிய குழு முதலில் ஒத்திகை பார்க்கும். முதலில் வாசிக்க வேண்டிய குழு கடைசியில் பார்க்கும். அப்போதுதான் முதல் குழுவின் ஒலி அமைப்பு கலையாமல் அப்படியே நிகழ்ச்சி தொடங்கும். ஒரு குழு மேடையில் இருக்கும்போது மற்றக் குழுக்காரர்கள் கீழே நின்று கேட்பார்கள்; கேட்டாக வேண்டும் என்பது எழுதப்படாத கடமை. கூட்டத்தை உற்றுப் பார்த்தால் மேடையில் இருப்பவர்களும் கீழே நிற்பவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள், அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறுகிறார்கள், அவ்வளவுதான். எல்லாம் முடிந்த பிறகு 'உச்சியாகே' என்ற கூட்டு விருந்து. அங்கேதான் அடுத்த நிகழ்ச்சிக்கு யார் யாரோடு வாசிப்பது என்பது பேசி முடிவாகும்.

ஜப்பானில் தங்கி இந்த உலகத்துக்குள் இறங்கி எழுதிய வெளிநாட்டவர் சிலர் உண்டு. ஜெனிஃபர் மிலியோத்தோ மட்சுயே என்ற அமெரிக்க இசை மானிடவியலாளர் டோக்கியோவின் 'ஹார்ட்கோர்' ராக் குழுக்களை ஆராய்ந்து 2009-இல் நூல் வெளியிட்டார். டோக்கியோவில் சிறிய இசைத்தட்டு நிறுவனம் நடத்தும் ஆங்கிலேயர் இயன் மார்ட்டின் 2016-இல் வெளியிட்ட நூலில் நொருமாவைக் கடுமையாகவே விமர்சிக்கிறார். இசைக்கூடம் தன் வணிக நட்டத்தை இளம் கலைஞர்கள் தலையில் கட்டுகிறது, அதனால் நல்ல நிகழ்ச்சி அமைக்க வேண்டிய அக்கறை அதற்கு இல்லாமல் போகிறது என்பது நொருமாவை எதிர்ப்பவர்களின் வாதம். இதில் உண்மை இருக்கிறது. டோக்கியோவின் நில வாடகை அப்படி; கூடம் நடத்துபவர் தன் ஆபத்தைக் குறைக்கப் பார்க்கிறார்.

ஆனால் இதைச் சுரண்டல் என்று சொல்லி முடித்துவிட்டால் ஜப்பானின் பயில்முறை இசை புரியாமலே போய்விடும் என்பது என் கணிப்பு. பயில்முறைக் கலைஞர் மேடைக்குப் பணம் கட்டும் வழக்கம் ராக் இசையோடு வந்ததில்லை. ஷமிசென், கோத்தோ ஆகிய நரம்பு வாத்தியங்களையும் நோ நாடகப் பாட்டையும் கற்பிக்கும் 'இயெமோத்தோ' என்ற குருபீட முறையில் அது பல தலைமுறைப் பழக்கம். மாணவர் மாதச் சம்பளம் தருவார். தேர்ச்சிச் சான்றுக்குத் தனிக் கட்டணம். பள்ளியின் பெயரில் ஒரு கலைப்பெயர் சூட்டிக்கொள்ள இன்னொரு கட்டணம். ஆண்டுக்கொரு முறை மாணவர் அரங்கேறும்போது மண்டப வாடகையிலும் பக்கவாத்தியக்காரர் சன்மானத்திலும் அவர் பங்கு உண்டு. தொழில்முறைக் கலைஞரின் வாழ்வே இப்படிப் பயிலும் கடைக்காரர்கள், மருத்துவர்கள், இல்லத்தரசிகள் கொடுக்கும் பணத்தில்தான் நின்றது. நிலவறையில் கிட்டார் வாசிக்கும் இளைஞருக்கு இயெமோத்தோ பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் கட்டும் பணத்தின் தர்க்கம் மட்டும் அங்கிருந்தே வருகிறது. கலை என்பது ஓர் இடத்தில் உறுப்பினராக இருப்பது. உறுப்பினருக்குச் சந்தா உண்டு.

இந்தத் தர்க்கத்தை முதலில் தொட்டறிந்த வெளிநாட்டவர்களில் ஒருவர் எட்வர்ட் மோர்ஸ். விலங்கியல் அறிஞர், 1877-இல் ஜப்பான் வந்து, அதே ஆண்டில் ஓமோரி என்ற இடத்தில் பழங்காலச் சிப்பி மேட்டைக் கண்டறிந்து, அந்நாட்டுத் தொல்லியலுக்கு அடித்தளம் இட்டவர். ஜப்பானிய இசை ஆரம்பத்தில் அவர் காதுக்குப் பிடிபடவில்லை. அவர் செய்த காரியம், அதைக் கற்றுக்கொள்ளப் போனது. 1883-இல் நோ கலைஞர் உமேவாகா மினோருவிடம் மாணவராகச் சேர்ந்தார். 1868 ஆட்சி மாற்றத்தில் சாமுராய்ப் புரவலர்களை இழந்து அழிந்துபோக இருந்த நோ கலையைக் காப்பாற்றியவர் உமேவாகா. அப்படிக் காப்பாற்றியதில் அவரிடம் பாட்டுப் பயின்ற பயில்முறை மாணவர்களின் பங்கு பெரிது. குரு ஒரு வரி பாட, மாணவர் அதைத் திருப்பிப் பாட வேண்டும். வெளியே உட்கார்ந்து கேட்டால் புரியாதது உள்ளே போனால் புரியும் என்று மோர்ஸ் நம்பினார். மெய்யியல் பேராசிரியராக வந்த எர்னெஸ்ட் ஃபெனொலோசாவும் அதே உமேவாகா குடும்பத்திடம் ஆண்டுக்கணக்கில் பயின்றார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளே பிறகு கவிஞர் எஸ்ரா பவுண்டின் கைக்குப் போய் மேற்கத்திய வாசகருக்கு நோ நாடகத்தை அறிமுகம் செய்தன.

எதிர்த் துருவத்தில் எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன் இருக்கிறார். 1890-இல் மட்சுயே நகரத்துக்கு ஆசிரியர் பணி ஏற்கப் போகும் வழியில், ஹோக்கி வட்டாரத்தின் ஒரு சிற்றூரில் தங்கிய இரவு, கோயில் முற்றத்தில் நடந்த போன் ஒதோரியைக் கண்டார். இறந்த முன்னோர் வீடு திரும்பும் கோடை நாட்களில் ஊரார் வட்டமாக ஆடும் ஆட்டம் அது. மெல்லிய கைத்தட்டலும் முரசும், பிறகு கிளம்பிய பாட்டும் அவரை உலுக்கின. 1894-இல் வெளியான நூலில் அந்த இரவைப் பற்றி மிக அழகாக எழுதினார். அந்த மெட்டை மேற்கத்திய இசைக்குறியீட்டில் எழுதிவிடவே முடியாது என்றும் சொன்னார். ஹெர்ன் ஜப்பானியப் பெண்ணை மணந்தார், குடியுரிமை பெற்றுக் கொய்சுமி யாகுமோ ஆனார், அங்கேயே மறைந்தார். ஆனாலும் அந்த எழுத்தில் அவர் வட்டத்துக்கு வெளியே நிற்பவர். கேட்பவருக்கு அந்த ஆட்டம் மர்மம். ஆடுபவருக்கோ காலும் கையும் அறிந்த வழக்கம். அயலவர் எழுதிய ஜப்பானிய இசை பற்றிய எழுத்துகளில் ஹெர்ன் வழி நீண்ட காலம் ஓங்கியிருந்தது. எனக்கு மோர்ஸ் வழிதான் பெரிதாகத் தோன்றுகிறது.

போன் ஒதோரியை உள்ளிருந்து அறிய இன்று நல்ல இடம் கிஃபு மாநிலத்து மலையூரான குஜோ ஹச்சிமான். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் அங்கே ஆட்டம் நடக்கும்; ஆகஸ்ட் 13 முதல் 16 வரை நான்கு நாளும் விடிய விடிய. 'யாக்காத்தா' என்ற நகரும் மேடை ஒவ்வொரு இரவும் ஒரு தெருவுக்கு இழுத்து வரப்படும். அதன் மேல் பாடகர், ஷமிசென், புல்லாங்குழல், முரசு. அதைச் சுற்றி ஊராரும் வந்தவரும் வேறுபாடின்றி ஆடுவார்கள். பத்து ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு அடவு. காலில் 'கெத்தா' என்ற மரச்செருப்பு. ஆயிரம் மரச்செருப்புகள் ஒரே நேரத்தில் தரையில் மோதும் ஓசைதான் அங்கே முதன்மைத் தாளவாத்தியம். பாடகர் ஒரு வரி முடிக்கும்போது பின்பாட்டைத் தெருவே எடுக்கும். கடைசி ஆட்டத்தில் ஷமிசெனும் குழலும் முரசும் ஓய்ந்துவிடும். தாளக்கட்டையும் குரலும் செருப்பொலியும் மட்டும் மிஞ்சும். பார்க்கும் ஆட்டமில்லை, ஆடும் ஆட்டம் என்பதில் அவ்வூராருக்குப் பெருமை.

இங்கும் ஒரு சான்றிதழ் உண்டு. ஆட்டத்தைப் பேணும் பாதுகாப்புச் சங்கத்தார் கூட்டத்தில் கலந்து நின்று, அன்றைய ஆட்டத்தை நன்றாக ஆடுகிறவரைப் பார்த்து ஒரு சிறு மரச்சீட்டைக் கையில் கொடுப்பார்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பெயர் எழுதிய உரிமப் பத்திரம் கிடைக்கும். அயலூராரும் வெளிநாட்டவரும்கூட அதை வாங்கிவிட முடியும். இசைப்பள்ளிகளின் உரிமத்தைத் தெரு ஆட்டத்துக்குக் கொண்டுவந்து, வந்தவரையும் உறுப்பினராக்கிவிடும் இந்தச் சிறு ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். 2022-இல் யுனெஸ்கோ 'ஃபூர்யூ ஒதோரி' என்ற தலைப்பில் ஜப்பானின் 41 நாட்டார் ஆட்டங்களைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது குஜோவும் அதில் இடம்பெற்றது.

நாட்டுப்பாடல் விஷயத்தில் மோர்ஸ் வழியில் நெடுந்தூரம் போனவர் டேவிட் ஹியூஸ். லண்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அவர், ஜப்பானில் தங்கித் தாமே நாட்டுப்பாடல் பாடவும் ஷமிசென் மீட்டவும் கற்று, 2008-இல் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். ஒரே ஒரு பாட்டைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் இருப்பதை அந்த உலகத்தில்தான் காணலாம். ஹொக்கைடோவின் எசாஷி நகரில் 'எசாஷி ஒய்வாக்கே' என்ற கடற்கரைப் பாட்டுக்கு 1963 முதல் தேசியப் போட்டி நடக்கிறது. ஏழு அடி, ஓர் அடிக்கு ஒரே மூச்சு. நாடெங்கிலுமிருந்து மீனவர்களும் தச்சர்களும் ஓய்வுபெற்றோரும் வந்து, ஒரே பாட்டை ஒருவர் பின் ஒருவராகப் பாடுவார்கள். நாள் முழுவதும் அதே பாட்டு. புதிதாகக் கேட்பவருக்குச் சலிப்புத் தட்டும். பயின்றவருக்கோ மூன்றாம் அடியில் குரல் வளையும் இடத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாடே நாள் முழுக்கப் பேசப் போதுமானது.

மேற்கத்திய இசைக்கும் இதே கதைதான். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி ஜப்பானில் முதன்முதலில் முழுமையாக ஒலித்தது 1918 ஜூன் 1 அன்று, பந்தோ என்ற ஊரின் போர்க்கைதிகள் முகாமில். முதல் உலகப் போரில் சீனத்தின் சிங்தாவ் கோட்டையில் பிடிபட்ட ஜெர்மானியர் ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே இருந்தார்கள். முகாமின் தலைவர் மட்சுயே தொயோஹிசா, 1868 உள்நாட்டுப் போரில் தோற்ற அய்சு மண்ணைச் சேர்ந்தவர். தோற்றவரை எப்படி நடத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கைதிகள் இசைக்குழு அமைத்தார்கள், நாடகம் போட்டார்கள். பெண் குரல் இல்லாததால் அந்தப் பகுதிகளை ஆண்களுக்காக மாற்றி எழுதிக்கொண்டார்கள். ஹெர்மன் ஹான்சன் இயக்கினார். ஆக, ஜப்பானின் முதல் 'ஒன்பதாவது' அயலவர்கள் நடத்திய பயில்முறைக் கச்சேரி. அந்த முகாம் இருந்த இடத்தை இன்று உள்ளடக்கிய நருத்தோ நகரம் 1982 முதல் ஜூன் முதல் ஞாயிறு அன்று அதை நினைவுகூர்ந்து பாடி வருகிறது. மேடையில் நாடெங்கிலுமிருந்து வரும் பயில்முறைப் பாடகர்கள்.

டிசம்பர் மாதத்தில் அந்தச் சிம்பொனி ஜப்பான் முழுவதும் கேட்கும். ஒசாகாவில் 1983-இல் தொடங்கிய நிகழ்ச்சியில் பத்தாயிரம் பேர் ஒன்றாகப் பாடுகிறார்கள். அவர்களும் கட்டணம் கட்டி, மாதக்கணக்கில் பயிற்சிக்குப் போனவர்களே. டோக்கியோவின் சுமிதா வட்டாரத்தில் 1985-இல் சுமோ அரங்கத்தில் ஐயாயிரம் பேர் பாடியபோது, முகோஜிமா பகுதியின் கெய்ஷா கலைஞர்களும் அதில் சேர்ந்தார்கள். ஜெர்மன் தெரியாது, ஒலி ஒத்த ஜப்பானியச் சொற்களை அசைக்கு அசை இட்டு உருப்போட்டுவிட்டார்கள். பிற நாட்டு இசை விமர்சகர்கள் பத்தாயிரம் குரல் சேர்ந்து ஒலிக்கும்போது நுட்பம் எங்கே என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு அங்கே இடமில்லை. நவம்பர் முழுவதும் வேலை முடிந்து பயிற்சிக்கு வந்தவர்கள் டிசம்பரில் பாடுகிறார்கள்; அவர்களுடைய குடும்பத்தார் வந்து கேட்கிறார்கள்.

இசை ஏன் இப்படி வீட்டை விட்டு வெளியேறிச் சங்கமாக, கூடமாக, கட்டணமாக உருவெடுத்தது என்பதற்கு மிக எளிய காரணம் ஒன்றும் உண்டு: சுவர். மெல்லிய சுவர் கொண்ட அடுக்ககத்தில் எக்காளம் ஊத முடியாது. 1974-இல் கனகாவா மாநிலத்து ஹிராட்சுகாவில், பியானோ ஓசை தாங்காமல் அண்டைவீட்டார் ஒருவர் ஒரு தாயையும் இரு மகள்களையும் கொன்றார். நாடே அதிர்ந்தது, அண்டை ஓசை ஒரு சமூகப் பிரச்சினையாகப் பேசப்பட்டது. அதனால் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பயிற்சி அறைகள் ரயில் நிலையங்களை ஒட்டி இருக்கின்றன. சிலர் பகலில் கராவோக்கே அறையை எடுத்துப் புல்லாங்குழல் பயில்கிறார்கள். டோக்கியோவின் தாமா ஆற்றங்கரையில் மாலையில் நடந்தால் பாலத்தடியில் யாராவது டிராம்போன் ஊதிக்கொண்டிருப்பார். இவற்றோடு 'கோமின்கான்' எனப்படும் பொதுக் கல்விக்கூடங்கள். 1946-இல் அரசு ஊக்குவிக்கத் தொடங்கி, 1949-ஆம் ஆண்டுச் சமூகக் கல்விச் சட்டத்தில் இடம்பெற்ற இவை மிகக் குறைந்த வாடகையில் அறை தருகின்றன. இல்லத்தரசிகளின் சேர்ந்திசைக் குழு செவ்வாய்க் காலையில், ஓய்வுபெற்றோரின் உக்குலேலே குழு வியாழன் பிற்பகலில் என்று பலகையில் எழுதியிருக்கும். ஜப்பானின் இசையறிவுக்கு மாநகர அரங்குகளைவிட இந்த அறைகள் செய்த தொண்டு பெரிது என்று துணிந்து சொல்வேன்.

பள்ளிகளின் காற்றுவாத்தியக் குழுக்களைத் தொடாமல் இந்தக் கதை நிறைவடையாது. 1940-இல் தொடங்கி, போரால் நின்று, 1956-இல் மீண்டும் உயிர்பெற்ற தேசியப் போட்டிக்காக மாணவர் ஆண்டு முழுவதும் ஓரிரு இசைப்படைப்புகளையே தேய்த்து மெருகேற்றுவார்கள். டோக்கியோவில் தங்கி இதை ஆராய்ந்த டேவிட் ஹெபர்ட் 2012-இல் அது பற்றி நூல் வெளியிட்டார். அந்தக் கட்டுப்பாட்டில் வளர்ந்த பலர் பள்ளி முடிந்ததும் வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். மற்றவர்கள் நகரக் குழுக்களில் தொடர்கிறார்கள். செண்டாய் நகரில் 1991-இல் 25 குழுக்களோடு தொடங்கிய ஜோசென்ஜித் தெரு ஜாஸ் விழாவில் பிற்காலத்தில் எழுநூறு குழுக்கள் அளவுக்குச் சேர்ந்தன. அங்கும் வாசிப்பவர் பங்கேற்புக் கட்டணம் கட்டுகிறார், கேட்பவருக்கு இலவசம். 2011 மார்ச் நிலநடுக்கமும் சுனாமியும் அந்த வட்டாரத்தை நொறுக்கிய ஆண்டிலும் செப்டம்பரில் விழா நடந்தது.

இந்த அமைப்பைப் புகழ்ந்து மட்டும் பேசுவது நேர்மையாகாது. உறுப்பினர் என்று ஒரு கோடு கிழித்தால் உறுப்பினர் அல்லாதவர் என்றும் ஆகிறது. கியோத்தோவின் கியோன் விழாத் தேர்களில் இசைப்பது அந்தந்தத் தெருச் சங்கத்தின் குழுவுக்கே உரிமை. ஜூலை பிறந்ததும் தெருச் சங்க வீட்டு மாடியில் பயிற்சி தொடங்கும். சிறுவர் முதலில் சேகண்டி தட்டப் பழகி, வளர்ந்ததும் குழலுக்கோ முரசுக்கோ மாறுவார்கள். பெண்களுக்கு நெடுங்காலம் அங்கே இடமில்லை. அண்மைக் காலத்தில்தான் சில தேர்கள் கதவைத் திறந்திருக்கின்றன. பயில்முறைக் குழுக்களிலும் மூத்தவர் இளையவர் வரிசை கறாராக இருக்கும். நாற்காலி அடுக்குவது, தரை துடைப்பது, கணக்கு எழுதுவது என எல்லாமே முறை வைத்து வரும். திறமை இருக்கிறதே என்று பயிற்சிக்குத் தாமதமாக வருகிற அயலவரைவிட, சுமாராக வாசித்தாலும் நாற்காலி அடுக்க நிற்பவருக்கே அங்கு மதிப்பு. இதில் மனம் நொந்து விலகிய வெளிநாட்டவர் பலர். அவர்களுடைய வருத்தத்தையும் மதிக்க வேண்டும்.

ஆனால் காலம் இந்தக் கதவுகளைத் தளர்த்திக்கொண்டிருக்கிறது. குழந்தைகள் குறைந்துவிட்டதால் ஊர்த் திருவிழாக்களில் முரசடிக்க ஆள் இல்லை. ஆசிரியர் பணிச்சுமையைக் குறைப்பதற்காகப் பள்ளிக் குழுக்களின் வார இறுதிப் பயிற்சியை ஊர் அமைப்புகளிடம் ஒப்படைக்கும் மாற்றத்தை அரசு 2023 முதல் முன்னெடுத்துவருகிறது. எடுத்து நடத்த எல்லா ஊரிலும் ஆள் கிடைப்பார்களா என்ற கவலை இருக்கிறது. 2020-இல் கொரோனா தொற்று பரவத் தொடங்கியபோது ஒசாகாவின் இசைக்கூடங்களைத் தொடர்ந்து நாடெங்கும் கூடங்கள் பூட்டப்பட்டன. சில மறுபடி திறக்கவே இல்லை. அயலவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று தயங்கிய சங்கங்கள் இன்று வந்தால் போதும் என்று காத்திருக்கின்றன.

கடைசியாக ஒரு சொல், டோக்கியோவின் எதொகாவா வட்டாரத்து நிஷி-கசாயில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு. இந்தியர் அதிகம் வாழும் இடம் என்று பெயர் பெற்ற அந்தப் பகுதியும், அருகிலுள்ள கத்சுஷிகா வட்டாரமும் முன்பு கசாய் என்ற ஒரே நாட்டுப்புறமாக இருந்தவை. 'எதோ' எனப்பட்ட பழைய டோக்கியோ நகரத் திருவிழா இசையின் ஊற்று என்று மரபு சொல்லும் 'கசாய் பயாஷி' அங்கேதான் பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கசாய் கோயிலின் பூசகர் ஊர் உழவர் வீட்டு இளைஞர்களுக்குக் கற்பித்தது என்பார்கள். ஒரு பெருமுரசு, இரண்டு சிறுமுரசு, ஒரு புல்லாங்குழல், ஒரு சேகண்டி; ஐந்தே பேர். உங்கள் குழந்தைகள் வார இறுதியில் மிருதங்கம் கற்றாலும் கற்காவிட்டாலும், உங்கள் தெருச் சங்கத்தின் கோடைத் திருவிழா அறிவிப்பை இந்த ஆண்டு படியுங்கள். போன் ஒதோரிக்குப் பயிற்சி எப்போது, முரசு யார் கற்றுத் தருகிறார்கள் என்று பக்கத்து வீட்டு முதியவரிடம் கேளுங்கள். சந்தா எவ்வளவு என்றும் சேர்த்தே கேளுங்கள். அதை முதல் நாளே உறையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். பயிற்சி முடிந்ததும் நாற்காலி அடுக்கிவிட்டு வாருங்கள்.